பல்லில் இருக்கும் ஊர்

ஊரை விட்டுப் போனவர் கவிதை எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரிக்குள் ‘வேர்’ வந்துவிடுகிறது. அடுத்து மண்வாசம். அதற்கடுத்து ஆலமரம், திண்ணை, அம்மா கையால் பிசைந்து தந்த சோறு. கடைசியில் கான்கிரீட் காடு, அதற்குள் ஓர் அந்நியன். தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் போனவர் எழுதினாலும் திருநெல்வேலியிலிருந்து மும்பைக்குப் போனவர் எழுதினாலும் இந்த ஆறேழு சாமான்கள்தான் ஒரே மூட்டையாக வந்து இறங்குகின்றன. அந்த வலி பொய் என்று சொல்ல வரவில்லை. வலி உண்மைதான். ஆனால் கவிதைக்குள் இருப்பது அவருடைய ஊர் இல்லை. சினிமாவும் பட்டிமன்றமும் சேர்ந்து கட்டி வைத்திருக்கும் ஒரு பொது ஊர். தருமபுரிக்காரர் அதில் வாடகைக்குக் குடியிருக்கிறார்.

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கவிதையில் இருக்கும் ஊர்ப்பெயரை அடித்துவிட்டு வேறோர் ஊரை எழுதுங்கள். தருமபுரிப் பக்கத்துப் பென்னாகரம் இருந்த இடத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேராவூரணி என்று போட்டும் ஒரு வரிகூட முனகவில்லை என்றால், பென்னாகரம் அந்தக் கவிதையில் முதலிலிருந்தே இல்லை. ஒரு வரியாவது ‘இது இங்கே செல்லாது’ என்று மல்லுக்கு நிற்க வேண்டும். கீழே இருப்பது இந்தக் கட்டுரைக்காகவே கட்டிய நான்கு வரி. யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை, ஆனாலும் எங்கோ படித்த மாதிரியே இருக்கும்:

வேரை அறுத்துக்கொண்டு வந்தேன்
மண்வாசம் மட்டும் மூக்கில் மிச்சம்
கான்கிரீட் காட்டில் நான் அந்நியன்
அம்மா, உன் கைச்சோறு இங்கில்லை

இதில் மாதம் இல்லை. என்ன வேலைக்குப் போனார் என்று இல்லை. எந்தத் தெரு, எத்தனை பேர் ஒரு ரூமில், எந்தப் பாஷையில் திட்டு வாங்குகிறார், எதுவும் இல்லை. ‘மண்’ என்ற சொல்லை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இன்னொரு சங்கடம் தெரியும். இங்கிருந்து, அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து, கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போனவர்களில் பலருக்குப் பட்டா நிலமே கிடையாது. மண் இருந்தவர் எழுதிய ஏக்கத்தை, மண் இல்லாமல் போனவர் இரவல் வாங்கித் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். ஊர் மேல் பற்று அவருக்கும் இருக்கிறது. ஆனால் அது மண்ணில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தேடுவதுதான் கவிதையின் வேலை என்று எனக்குப் படுகிறது.

மாசி மாதத்துப் புளி

மேலே உள்ள நான்கு வரியை எப்படிச் சரிசெய்வது? முதலில் மாதம். இந்த இரண்டு மாவட்டத்துக்கும் புளியும் மாங்காயும் பெயர் வாங்கித் தந்தவை. புளி உலுக்குவது தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை. கிருஷ்ணகிரி மாங்காய் சித்திரையில் தொடங்கி ஆனி, ஆடி வரை ஓடும். போனவரின் நினைவில் இரண்டும் ஒரே மத்தியானத்தில் நடக்கும். புளியம்பழம் பொறுக்கிக்கொண்டே பெங்களூரா ரக மாம்பழத்தைக் கடிக்கிற கவிதைகள் உண்டு. நினைவு அப்படித்தான், எல்லாவற்றையும் ஒரே கோடை விடுமுறைக்குள் திணித்துவிடும். ஆனால் படிப்பவர் ஊர்க்காரராக இருந்தால் அந்த இடத்தில் கவிதையை மூடிவிடுவார்.

அடுத்தது காலம், அதாவது வினையின் காலம். ஊர் வருகிற வரிகளெல்லாம் ‘இருந்தது, இனித்தது, மணந்தது’ என்று இறந்தகாலத்திலும், நகரம் வருகிற வரிகளெல்லாம் நிகழ்காலத்திலும் இருக்கும். இது தன்னையறியாமல் விழும் பழக்கம். நாம் போனதும் ஊர் செத்துவிட்டது என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது. ஊர் சாகவில்லை. இந்த நிமிஷம் அங்கே யாரோ புளி உலுக்கிக்கொண்டிருக்கிறார்கள், நாம் இல்லாமலே. உண்மையில் உறுத்துவது அதுதான். ஆகவே ஊருக்கு நிகழ்காலம் கொடுங்கள்.

மூன்றாவது, கை. போனவரின் கை ஊரில் என்ன செய்தது, இங்கே என்ன செய்கிறது? புளி வேலையில் ஏறத் தெரிந்தவர் மேலே ஏறி உலுக்குவார், எட்டுகிற கிளையைத் தொரட்டியால் இழுப்பார்கள், கீழே படுதா விரித்துப் பெண்கள் பொறுக்குவார்கள். பிறகு காயவைத்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து. ஏறத் தெரிந்த அதே ஆள் பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கிறார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எழுதினால்:

மாசி. புளி உலுக்குகிறார்கள் இப்போது.
தொரட்டி எட்டாத கிளைக்கு
என்னைத்தான் ஏற்றுவார்கள்.
பதினோராம் மாடி, வெளிப்பூச்சு.
கரணை கையில், இடுப்பில் கயிறு.
கீழே பச்சை வலை கட்டியிருக்கிறது.
ஊரில் அம்மா
படுதாவின் நான்கு மூலைக்கும் கல் வைப்பாள்.

பெரிய கவிதை என்று சொல்லவில்லை, ஆனால் பேராவூரணியைப் போட்டால் கொஞ்சம் முனகும். இதிலும் தவறிப்போக ஒரு இடம் இருக்கிறது. வலையும் படுதாவும் எதிரெதிரே வந்ததும், ‘அந்த வலை அம்மாவின் மடி’ என்று ஒன்பதாவது வரி எழுதக் கை துடிக்கும். எழுதினால் போச்சு. படிப்பவர் தானே கண்டுபிடித்த ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்கி, அவருக்கே பரிசாகக் கொடுக்கிற வேலை அது. இன்னொரு கேள்வியும் எழுதுகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும்: மரம் யாருடையது? சொந்த மரமா, வியாபாரி குத்தகைக்கு எடுத்ததா, ஏலம் விட்ட சாலையோர மரமா? குத்தகை மரம் என்றால் ‘என்னைத்தான் ஏற்றுவார்கள்’ என்ற வரியில் பெருமை பாதி, கூலி பாதி. அப்படி இருந்தால் கவிதை இன்னும் நல்லது.

களி யார் வீட்டுச் சாப்பாடு

அம்மா கைச்சோற்றை எடுத்துவிட்டுக் களியைப் போட்டால் தருமபுரி வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நியாயம்தான், நெல்லுச்சோறு இங்கே விசேஷத்துக்கு மட்டும் என்றிருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆனால் களியைக் கவிதையில் வைப்பதற்கு முன் கிண்டத் தெரிய வேண்டும். ஒரு கைப்பிடி நொய்யை முதலில் வேகவிட வேண்டும். 1 டம்ளர் கேழ்வரகு மாவுக்கு 2 முதல் 2½ டம்ளர் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், துடுப்பால் நடுவே ஒரு குழி விட்டு, மூடி, தணலைக் குறைத்துப் பத்து நிமிஷம் விட வேண்டும். அவசரப்பட்டு உடனே கிளறினால் வெளியே வெந்தும் உள்ளே பச்சை மாவாகவும் கட்டி கட்டியாக நிற்கும். பிறகுதான் துடுப்பு. ஊரில் கவைக்கொம்பால் பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டுவார்கள். பெங்களூர் ரூமில் மெல்லிய அலுமினியப் பாத்திரம், ஒற்றை பர்னர், வழுக்குகிற டைல்ஸ் தரை. அடி பிடிக்கும், பாத்திரம் சுழலும், ஒருவர் துணியால் பிடிக்க இன்னொருவர் கிண்ட வேண்டும். தனியாள் ரூமில் களி கிண்ட முடியாது என்பதில் ‘நான் தனிமையில் வாடுகிறேன்’ என்ற வரியைவிட அதிகம் தனிமை இருக்கிறது.

சரி, கிண்டியாயிற்று. சிக்கல் இனிமேல்தான். அந்த ரூமை விட்டு இறங்கித் தெருமுனை மெஸ்ஸுக்குப் போனால் அங்கே தட்டில் இருப்பதும் அதே உருண்டை, முத்தே என்ற பெயரில். மெல்லாமல் விழுங்குவதும் அதே. நமக்குக் கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு. அவர்களுக்கு சொப்பின சாரு, பஸ்ஸாரு. களியைத் தமிழ் அடையாளம் என்று கொடி ஏற்றி வைத்த கவிதை இந்த இடத்தில் தடுமாறும். சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் தருமபுரிக்காரருக்குத் தஞ்சாவூரைவிடக் கோலார்தான் பக்கத்து வீடு. பெங்களூருக்குப் போகிறவர் அந்நிய தேசத்துக்குப் போகவில்லை, தன் தட்டுக்கு வேறு பெயர் இருக்கிற இடத்துக்குப் போகிறார். ‘கான்கிரீட் காட்டில் அந்நியன்’ என்று எழுதுவது சுலபம். சாப்பாடு ஒன்றாக இருந்தும் கூப்பிடும் பெயர் மாறியதால் வருகிற அந்தச் சின்னக் கூச்சத்தை எழுதுவதுதான் கஷ்டம். இந்த மண்டலத்தின் கவிதை அங்கே இருக்கிறது என்பது என் கட்சி.

வாயிலோயே

புலம்பெயர்வு என்று பேச்செடுத்ததும் எல்லோரும் போய் நிற்பது ‘யாதும் ஊரே’யில். புறநானூற்றின் 192ஆம் பாட்டு. முதல் வரியை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு, கீழே வருகிற புணையை, ஆற்று நீர் இழுத்த வழியெல்லாம் போகிற அந்தத் தெப்பத்தை, விட்டுவிடுவார்கள். அந்தப் பாட்டின் மேல் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர் வாயிலிருந்து வந்தது போல அது எனக்குக் கேட்பதில்லை, நின்று யோசித்தவர் குரல்தான் கேட்கிறது. பிழைக்கப் போகிறவர் பாட்டு அதே தொகுப்பில், 14 பாட்டுத் தள்ளி, 206ஆவதாக இருக்கிறது. அதுவும் நம்மூர் வாசலில் பாடியது.

பரிசில் தரத் தாமதித்த அதியமான் நெடுமான் அஞ்சியின் அரண்மனை வாசலில் நின்று ஔவையார் பாடியது. அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. பாட்டு அரசனைப் பார்த்துத் தொடங்கவில்லை. ‘வாயிலோயே, வாயிலோயே’ என்று வாயிற்காவலனை இரண்டு முறை கூப்பிட்டுத் தொடங்குகிறது. அஞ்சி தன்னை அறியவில்லையா, என்னை அறியவில்லையா என்று அவனிடம் கேட்கிறார். அறிவும் புகழும் உடையவர்கள் செத்துப்போய் உலகம் ஒன்றும் வெறுமையாகிவிடவில்லை என்கிறார். பிறகு மூட்டை கட்டுகிறார்: ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’. வாத்தியங்களைக் காவடியாகத் தோளில் மாட்டியாயிற்று, பையைச் சுருக்கிக் கட்டியாயிற்று. கைவேலை தெரிந்த தச்சனின் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எப்படியோ அப்படி, ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’.

இந்த இரண்டு வினைமுற்றுகளில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பாட்டின் நடுவில் ‘என் அறியலன்கொல்’ என்று ஒருமையில் கேட்டவர், மூட்டை கட்டும்போது ‘காவினெம்’, ‘சுருக்கினெம்’ என்று பன்மைக்குப் போகிறார். பழந்தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு வகை விகுதி. அம், ஆம் என்பவை கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம் என்பவை கேட்கிறவரை வெளியே நிறுத்திவிட்டுத் தன் கூட்டத்தை மட்டும் சேர்க்கும். இன்று பேச்சில் நாம, நாங்க என்று இருப்பதும் அந்த வித்தியாசம்தான். ஔவையார் போட்டது ‘எம்’. வாயிற்காவலனும் அஞ்சியும் வெளியே, பாடுகிற கூட்டம் உள்ளே. கோட்டைக்குள் விடாதவனை ஒற்றை எழுத்தால் தன் கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போகிறார். அழுகை இல்லை, வேர் இல்லை. ‘எங்களுக்குத் தொழில் தெரியும்’ என்பதுதான் அவருடைய ஊர்.

ஊர்ப்பற்று எந்த இடத்தில் இருக்கிறது என்று மேலே கேட்ட கேள்விக்கு இந்தப் பாட்டில் ஒரு பதில் கிடைக்கிறது. பிரதிப்பெயரில் இருக்கிறது. புலம்பெயர் கவிதையைத் திருத்தும்போது பெயர்ச்சொற்களைவிட முதலில் நாம், நாங்கள் இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் இரண்டும் தாறுமாறாகக் கலந்து கிடக்கும், ஓசைக்காக எது வந்ததோ அது. மூன்றாம் வரியில் ஊரில் இருப்பவர்களைச் சேர்த்து ‘நாம்’ என்பார், ஏழாம் வரியில் ரூமில் கூட இருப்பவர்களை ‘நாம்’ என்பார், கடைசியில் உலகத் தமிழரையே ‘நாம்’ ஆக்கிவிடுவார். யாரிடம் பேசுகிறோம் என்று முடிவுசெய்தால்தான் யாரைச் சேர்க்கிறோம் என்பது தெரியும். அம்மாவிடம் போனில் பேசுகிற கவிதையில் ‘நாங்க இங்க நல்லா இருக்கோம்’ என்று ஒருவன் சொன்னால், அந்த ‘நாங்க’வுக்கு வெளியே முதல்முறையாக அம்மா நிற்கிறாள். இதைக் கவனித்து எழுதினால் கண்ணீர் என்ற சொல்லே தேவைப்படாது. ஓசூர்க்காரருக்கு இதில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. வீட்டில் தெலுங்கு பேசினால் மனம், மேமு என்று அதே இரண்டு பிரிவும் இருக்கும். எல்லை தாண்டிக் கன்னடத்துக்குப் போனால் நாவு என்று ஒன்றுதான். இன்றைய கன்னடம் அந்தப் பிரிவை வைத்திருக்கவில்லை. தினமும் பஸ் ஏறி 40 கிலோமீட்டர் போய்வருகிறவர், காலையில் எல்லையில் ஒரு ‘நாங்க’வை விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

ப போய் ஹ வந்த ஊர்கள்

மொழி மாறுகிற எல்லையைப் பற்றி இன்னொரு பழைய பாட்டு, குறுந்தொகையின் 11ஆம் பாட்டு, மாமூலனார் பாடியது. போனவனின் பாட்டு இல்லை, வீட்டில் இருப்பவளின் பாட்டு. வளை நெகிழ்ந்து, தூங்காத கண் கலங்கி இங்கேயே கிடந்து சாவதற்குப் பதில், எழுந்திரு நெஞ்சே என்கிறாள். வடுகர் முனையில், கட்டி என்ற தலைவனின் நாட்டுக்கும் அப்பால், ‘மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்’ அவர் இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம் என்று முடிவெடுக்கிறாள். வேறு பாஷை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்புகிறாள். பின்னால் வந்த கவிதைகளில் பெண்ணை வாசலில் உட்காரவைத்துக் காத்திருக்கவே விட்டோம். சித்தாளாகத் தலையில் கலவைச் சட்டியோடு அவள் இன்று அதே எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

இந்த எல்லையில் ஒரு எழுத்து மாறுகிறது. சுமார் 10ஆம் நூற்றாண்டிலிருந்து கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற ப, கொஞ்சம் கொஞ்சமாக ஹ ஆனது. பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, புளி ஹுளி, போ என்பது ஹோகு. புகை ஹொகெ ஆயிற்று. ஹொகெ எழும்பும் கல்லைத் தமிழ் வாய் ஒகேனக்கல் என்றது. பள்ளி ஹள்ளி ஆகி, ஹ தமிழுக்கு ஒத்துவராமல் உதிர்ந்து அள்ளி ஆயிற்று. ஒரே தருமபுரி மாவட்டத்தில் நல்லம்பள்ளியும் இருக்கிறது, மாரண்டஅள்ளியும் இருக்கிறது. ஊர்ப்பெயர்ப் பலகைகளே எல்லைக்கோடு. கவிதை எழுதுகிறவருக்கு இதில் என்ன என்றால், மோனை முதலெழுத்தில்தான் நிற்கிறது. பாலும் பழமும் பூவும் என்று ப-வில் கட்டிய மோனை அத்திப்பள்ளி தாண்டினதும் மூச்சுக்காற்றாகப் போகிறது. (அந்த எல்லை ஊருக்கும் அங்கே அத்திபெலே என்றுதான் பெயர்.) அந்நியமாக இருக்கிறது என்று வாயால் சொல்வதற்குப் பதில், மூன்று வரி ப-மோனையில் போய் நான்காவது வரியில் ‘ஹோகு’ என்று ஒருவன் அதட்டுவதை வைத்தால் மோனை உடைகிற சத்தமே வேலையைச் செய்துவிடும். இது நடைமுறை யோசனை, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் போகிறவர் பாட்டு. வருகிறவர்? ஓசூர் சிப்காட்டைச் சுற்றியும், கிரானைட் பட்டறைகளிலும், மாங்கூழ் ஆலைகளிலும் ஒடியாவும் வங்காளியும் இந்தியும் கேட்கிறது. அவர்களைப் பற்றி நாம் எழுதும் கவிதைகளில் உடனே அவர்கள் வாயில் புகுந்து ‘நான் பீகாரி’ என்று தொடங்கிவிடுகிறோம். அவர்களுக்கும் ஆலமரம், திண்ணை, அம்மா. மூட்டை மறுபடியும் அதே மூட்டை. போகாத இடத்தைப் பற்றி எழுதும்போது பாரதி எப்படி எழுதினார் என்று பார்க்கலாம். பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது 1879 முதல் 1916 வரை, இந்தியாவிலிருந்து மொத்தம் 60,000 பேருக்கு மேல். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடும்போது பாரதி அந்தப் பெண்ணாக நடிக்கவில்லை. அவர்கள் அழுகுரலைக் கேட்டிருப்பாய் அல்லவா என்று காற்றிடம் கேட்கிறார். நாட்டை நினைப்பார்களோ என்று கேட்கிறார். தெரியாததைக் கேள்வியாகவே வைக்கிற நாணயம் அது. கரும்பு என்றதும் ஒரு கிளைச்செய்தி: கிடைத்தற்கரிய கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையாரே புறநானூறு 99இல் சொல்கிறார். அப்படியானால் தகடூருக்குக் கரும்பே வந்தேறி.

வந்தவரிடம் கேட்கக்கூடிய கேள்வி, ‘உங்க ஊரில் இது என்ன மாதம்’ என்பது. வங்காளத்தில் ஃபால்குன் என்றால் நமக்கு மாசி. நம்முடைய பங்குனி அதே பெயரின் திரிபுதான், ஆனால் ஒரு மாதம் தள்ளி வருகிறது. பெயர் ஒன்று, வெயில் வேறு. ஓசூரில் ஒரே ரூம் வரிசையில் இரண்டு பங்குனிகள் இருக்கின்றன.

மொழி மாறாமலே எல்லை குறுக்கே விழுகிற இடமும் இந்த மாவட்டங்களில் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம்கள். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எல்லை என்பது ஒரு வினைச்சொல்: வீட்டில் கதைப்பது, பள்ளிக்கூடத்தில் பேசுவது. அந்தப் பிள்ளை எழுதும் கவிதையில் அம்மம்மா மட்டும் கதைத்து மற்றவர்களெல்லாம் பேசினால், 40 வருஷம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். வெளியிலிருந்து திருத்துகிறவர்கள் ‘ஒரே சீராக இருக்கட்டும்’ என்று இரண்டையும் பேசுவதாக மாற்றாமல் இருந்தால் போதும்.

சாவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாரத்திலிருந்து விழுந்தவரைப் பற்றிய கவிதைகளில் ‘தோழன்’ இருப்பான், ‘நகரம் தின்றது’ இருக்கும், பெயர் இருக்காது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பார்க்கலாம். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார் சேவகன், எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான், அவன் பெயர், இன்னாருடைய கல். மாடு மீட்கச் செத்தவனுக்கு இவ்வளவு விவரம் கொடுத்த வட்டாரம் இது.

அடிபம்பு

கடைசியாக, இந்த இரண்டு மாவட்டத்துக்கே உரிய ஓர் அடையாளம். மண்ணைவிட, களியைவிடக் கெட்டியானது. பல்லில் இருக்கும் பழுப்புக் கறை.

இங்கே பாறை கிரானைட்டும், நைஸ் (gneiss) என்ற வரிப்பாறையும். அதிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது என்பது கணக்கு. பல் எனாமல் உருவாகிற வயதில், சுமார் 8 வயதுக்குள், அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால்தான் கறை விழும். லேசாக இருந்தால் சுண்ணாம்புக் கோடு, அதிகமானால் பழுப்பு, அதற்கும் மேலே போனால் சின்னச் சின்னக் குழிகள். எந்தப் பல்பொடிக்கும் போகாது, ஏனென்றால் மேலே ஒட்டியது இல்லை, பல்லோடு உருவானது. முப்பது வயதில் இங்கே வந்து குடியேறி எவ்வளவு குடித்தாலும் பல்லில் வராது. எட்டு வயது வரை இங்கே இருந்துவிட்டு எங்கே போனாலும் கூடவே வரும். குழந்தைப் பருவம் எந்தத் தண்ணீரில் கழிந்தது என்பதற்கு வாய்க்குள் ஒரு சான்றிதழ். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னாலும் போட்டோவிலும் வாயை மூடிச் சிரிக்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது. கன்னடத்தில் பல் என்பது ஹல்லு. இதைவிடப் பொருத்தமான பொருள் புலம்பெயர் கவிதைக்குக் கிடைக்காது. ஆனால் முதல் வரைவு எப்படியும் இப்படித்தான் வரும்:

என் பல்லில் ஊர்க் கிணறு.
மகள் பல் வெள்ளை.
பள்ளியில் பல்லை
ஹல்லு என்று எழுதிப் பழகுகிறாள்.

ஓசை நன்றாக இருக்கிறது, ப-வும் ஹ-வும் சண்டை போடுகின்றன. தப்பு முதல் வரியில். கிணறு என்பது பொது ஊரின் சாமான், ஆலமரத்துக்கு அண்ணன். இன்று நாற்பது வயதில் பெங்களூரில் இருக்கிறவர் குழந்தையாக இருந்தது 1980களின் கடைசியில், 90களில். அவர் குடித்தது பெரும்பாலும் அடிபம்புத் தண்ணீர். கிணறு என்று எழுதினால் அவருடைய அப்பாவின் பல் வந்துவிடும். அடிபம்பு என்று மாற்றினால் ஓசை கொஞ்சம் முரடாகும், பரவாயில்லை.

இரண்டாவது தப்பு பெரியது. வெள்ளைப் பல் பெங்களூரில் பிறந்ததால் என்று கவிதை சொல்கிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே, ஜப்பான் கடனுதவியில். ஆற்றுத்தண்ணீர் ஒழுங்காக வருகிற ஊர்களில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் பல் வெள்ளைதான். ஊரிலேயே இருந்து, எங்கும் போகாமல். கறை அப்படியானால் ஊரின் அடையாளம் இல்லை, ஊரில் ஒரு காலத்தின் அடையாளம். போனவரும் போகாதவரும் ஒரே வயதுக்காரராக இருந்தால் ஒரே பல். 1965 அக்டோபருக்கு முன் ஓசூரில் பிறந்தவர் வீட்டை விட்டு நகராமலே சேலம், தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி என்று 3 மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டது போல, இங்கேயும் ஊர்தான் கிளம்பிப் போயிருக்கிறது. இது தெரிந்த பிறகு பழைய வரைவை வைத்துக்கொள்ள முடியாது. பெங்களூரா, ஊரா என்ற எதிர்நிலையே உடைந்துவிட்டது. திருத்தினால் இப்படி வரலாம்:

பொங்கலுக்கு இறங்கி
டீக்கடையில் சிரிப்பவன் பல்லைப் பார்த்து
வயது சொல்லிவிடலாம்.
அடிபம்பு வரிசையில் நின்றவங்க நாங்க.
மகள் சிரிக்கிறாள்.
அவள் பெஞ்சில் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர்.
எல்லாம் வெள்ளை.

ஹல்லு போய்விட்டது. அது இழப்புதான், நல்ல சொல். ஆனால் கவிதை டீக்கடைக்கு வந்த பிறகு பள்ளிக்கூட நோட்டுக்கு அங்கே வேலை இல்லை. வேறொரு கவிதைக்கு எடுத்து வைக்கலாம். ‘வயது சொல்லிவிடலாம்’ கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது, இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும். நான்காவது வரியில் ‘நாங்க’வை ‘நாம’ ஆக்கினால் ஓசை இறங்கும், இதமாகவும் இருக்கும். ஆனால் அப்படி ஆக்கினால் கேட்டுக்கொண்டிருக்கும் மகளும் அந்த வரிசையில் வந்து நின்றுவிடுவாள், அவள் அந்தத் தண்ணீரைக் குடித்ததில்லை. இப்போதைக்கு ‘நாங்க’ என்றே இருக்கிறது.